கந்தையாவுக்கு எத்தனை எழுத்து

பெயரைப் பிழையாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் கந்தையாவின் பெயரை ஆங்கிலத்தில் கே, ஏ, என், டி, ஐ, ஏ, எச் என்றுதான் எழுத வேண்டும். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் அந்த எழுத்துகளில் கை வைக்க நான் ஒருவரையும் விடுவதில்லை.

கண்டிக்கு நாங்கள் போனது ஒரு கலியாணத்துக்கு. என் மருமகள் சுகிர்தா மலையகப் பிள்ளை, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளுடைய தம்பி நிரோஷனுக்கு மறுநாள் வத்தேகமவில் தாலிகட்டு. அம்பிட்டியவில் மலையோரமாக ஒரு ஹோட்டலில் எங்களுக்கு அறை எடுத்திருந்தார்கள். என் மகன் சுஜந்தன் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பூமாலை, வாழைக்குலை விசயங்களைப் பார்க்க அப்படியே வத்தேகமவுக்குப் போய்விட்டான்.

எனக்கு அன்று கலியாணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. மெல்பேர்னில் இருக்கும் என் மகள் பிரியாந்தினி அன்று பாடுகிறாள். அங்கே இரவு ஏழு மணி, எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை. சிறுவயதிலிருந்தே மேடை ஏறியவள்தான், ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னர் தொண்டையில் தைரொயிட்டுக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது குரல் நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது. பல மாதம் காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. இனிப் பாடுவது சந்தேகம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அவள் விடவில்லை. பாட்டுப் பழகத் தொடங்கும் குழந்தைகளோடு சேர்ந்து ச-ப-ச சொல்லி, அடியிலிருந்து பிடித்து ஏறி வந்தாள். அதற்குப் பிறகு முதல் கச்சேரி இது. நேரலையில் மட்டும்தான் போகும், பதிவு வைக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பாட்டில் பிழை வந்தால் ஒருவரும் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாதாம். ஆகவே அன்று பார்த்தால் பார்த்ததுதான்.

போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். என் கண்ணில் நடுப்பார்வை பழுது. போன் திரையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு கறைதான் தெரியும். பெரிய ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, கொஞ்சம் பக்கவாட்டாகப் பார்த்தால் ஆளைத் தெரியும். அதற்காகவே சுஜந்தன், ரீவியில் செருகினால் இணையத்தில் ஓடுவதைப் பெரிதாகக் காட்டுகிற ஒரு ஸ்டிக்கை வாங்கித் தந்திருந்தான். கலியாணச் சேலைக்குள் அதைச் சுற்றி நானே கண்டிவரைக்கும் கொண்டு வந்தேன். நகைப் பெட்டியைச் சுஜந்தனிடம் கொடுத்துவிட்டேன், இதைக் கொடுக்கவில்லை.

அறைக்குள் வந்ததும் சுகிர்தா முகம்கூடக் கழுவவில்லை. ரீவி சுவரோடு ஒட்டியிருந்தது. பின்னால் கையை நுழைத்துத் தடவித் துளையைக் கண்டுபிடித்து, ஸ்டிக்கைச் செருகிவிட்டாள். ஹோட்டல் வைஃபை பெயரும் திரையில் வந்தது. இணைந்துவிட்டது என்று காட்டியது, ஆனால் இணையம் இல்லை என்றும் அதற்குக் கீழேயே காட்டியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இணைந்துவிட்டது என்றால் இணைந்துவிட வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். இது என்ன, அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை செய்யாமல் இருக்கிறவர்களைப் போல?

சுகிர்தாவுக்குக் கோபமே வராது. ஹோட்டல்களில் வைஃபைக்கு ஒரு வாசல் இருக்கும், அறை இலக்கமும் பெயரும் சொன்னால்தான் உள்ளே விடும், அந்த வாசல் இந்த ஸ்டிக்குக்குத் தென்படவில்லை என்று எனக்கு விளக்கினாள். பிறகு ஸ்டிக்கை அந்த வைஃபையை மறக்கச் செய்து, அணைத்துப் போட்டு, புதிதாக இணைத்தாள். அந்தமுறை வாசல் வந்தது. அறை இலக்கம், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். மூன்றுமுறை பிழை விட்டால் அரை மணித்தியாலம் பூட்டிவிடும் என்று கீழே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அவள் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

கடைசிப் பெயர் விசயம் எனக்குத் தெரியும். ஏனென்றால் சுகிர்தா பெட்டிகளை எடுத்துக்கொண்டிருக்க, வரவேற்பு மேசையில் பதிந்தது நான். அங்கே இருந்தவள் சஞ்சீவனி என்ற சிங்களப் பிள்ளை. கடைசிப் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்களுக்குக் கடைசிப் பெயர்தான் முதலில் வரும் என்று அவளுக்கு ஒரு சிறு வகுப்பே எடுத்துவிட்டு, கந்தையா என்று சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு அடித்தாள். எப்படி அடித்தாள் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

சுகிர்தா ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, நான் சொன்ன ஏழு எழுத்தையும் போட்டாள். பிழை என்றது. சுஜந்தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பிழை. இன்னும் ஒரு வாய்ப்புத்தான். நேரம் இரண்டரைக்குக் கிட்ட வந்துவிட்டது. போனில் பார்க்கவாவது முயல்வோம் என்றால் மலை மறித்து ஒரு கோடுதான் சிக்னல், படம் சுற்றிக்கொண்டே நின்றது.

சுகிர்தா அறைப் போனில் கீழே மேசைக்கு அழைத்தாள். சஞ்சீவனியின் வேலைநேரம் முடிந்துவிட்டதாம். வேறொருவர் எடுத்து, பன்னிரண்டாம் அறை, கந்தையா என்றுதானே இருக்கிறது, சரிதானே என்று வாசித்துக் காட்டினார். காதுக்குச் சரியாகத்தான் இருந்தது. எழுத்தைக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். அதன்பிறகு அழைத்தபோதெல்லாம் மணிதான் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பல்கனியிலிருந்து பார்த்த சுகிர்தா, வெள்ளைக்காரர் ஒரு கூட்டம் பெட்டிகளோடு முன்வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள். அந்த வரிசையில் போய் நின்றால் என் பிள்ளை மங்களம் பாடி முடித்துவிடுவாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு எழுத்தும் சரி, உன் கைதான் எங்கேயோ தவறியிருக்கும், திரும்ப அதையே போடு என்று சத்தம் போட்டேன்.  சுகிர்தா ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் மாமி. ஆனா எழுதுனது நீங்க இல்லையே. எங்கப்பா பேரு லெட்சுமணன். அடையாள அட்டையில ஒரு மாதிரி இருக்கு, தோட்டத்துப் பேப்பர்ல வேற மாதிரி இருக்கு, என் பிறப்புச் சான்றிதழ்ல இன்னொரு மாதிரி. எழுதுறவங்க காதுல எப்படி விழுதோ, அதுதான் எங்க பேரு. எங்கெங்க எப்படி எழுதியிருப்பாங்கன்னு யூகிச்சு யூகிச்சே நான் வளந்தேன்."

அதில் ஒரு குறையோ கோபமோ இல்லை. கணக்கு ஒன்றை விளக்குகிற மாதிரியே சொன்னாள். பிறகு, மேசையில் எப்படிச் சொன்னேனோ அப்படியே ஒருமுறை சொல்லச் சொன்னாள். எனக்கு அது பைத்தியக்கார வேலையாகப் பட்டது, ஆனாலும் சொன்னேன். இன்னொருமுறை என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்கள் பேச்சில் அந்தப் பெயர் நடுவில் கொஞ்சம் நெகிழ்ந்து, கந்தெய்யா என்றுதான் வருகிறது என்பதை என் வாழ்நாளில் அன்றுதான் நான் கவனித்தேன். சுகிர்தா கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"அவங்க பாஷையில 'கந்த'ன்னா மலை, 'தெய்யா'ன்னா சாமி. இந்த ஊர்ல பொறந்த பொண்ணு வேற எப்படிக் கேட்டிருக்கும்? மாமாவை மலைச்சாமி ஆக்கியிருக்கும் மாமி."

இரண்டு மொழியையும் காதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறவளுக்கு மட்டும்தான் அது தெரியும். எனக்குச் சிங்களம் உத்தியோகப் பரீட்சைக்குப் படித்த சிங்களம், அதில் சாமியும் இல்லை, மலையும் இல்லை. ஆனாலும் இருந்த ஒரே வாய்ப்பைப் பிழையான எழுத்துக்குக் கொடுக்க வேண்டுமே. என் புருசனின் பெயரைப் பிழையாக எழுது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் அதைச் சொன்னேன்.

"போடு பிள்ளை. உன்ர காதுக்கு என்ன கேட்டுதோ அதைப் போடு."

கே, ஏ, என், டி வரைக்கும் எனக்கும் சம்மதம். அதன்பிறகு ஈ, வை, வை, ஏ என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் போட, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு, வருக மலைச்சாமி என்று என் கந்தையாவை ஹோட்டல் உள்ளே விட்டது. நான் சுகிர்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இவளைப் போல ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தது நாங்கள் செய்த புண்ணியம் என்று அவளிடமே சொன்னேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கதிரையை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

பிரியாந்தினி பாடத் தொடங்கியிருந்தாள். பச்சைச் சேலை. பக்கவாட்டாகப் பார்த்தேன், முகம் தெரிந்தது. குரல் முன்னைப்போல் இல்லை. கனத்து, கீழே இறங்கியிருந்தது. வேறு யாரோ பாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன், பிறகு அந்த இழுப்பு அவளுடையதுதான் என்று பிடிபட்டது. கல்யாணி ராகத்தை அவ்வளவு நிதானமாக அவள் ஒருநாளும் பாடியதில்லை. இளவயதில் ஓடி ஓடிப் பாடுவாள். இப்போது ஒவ்வொரு சுரத்திலும் காலை ஊன்றி நின்றாள். 

சரணத்தில் மேலே போக வேண்டிய ஓர் இடம். போனாள். உச்சியில் குரல் உடைந்து காற்றாகிவிட்டது. மிருதங்கம் நின்றது. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. அவள் தம்பூராவின் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளைப் பெற்றவள் நான், அவளுடைய ரோசம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் போகவில்லை. கண்ணை மூடி, அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, மெல்ல மெல்ல ஏறி, உடைந்த அதே இடத்தைத் தொட்டு, அங்கே நின்றாள். நீண்ட நேரம் நின்றாள். சுகிர்தா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்து சற்று நேரத்தில் பிரியாந்தினி அழைத்தாள். ஹோட்டல் வைஃபை அப்போதும் அறுந்துபோகாமல் நின்றது. மற்றவர்களோடு எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்திருப்பாள் போல, குரல் களைத்திருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அம்மா, நடுவில உடைஞ்சது. உங்களுக்கும் கேட்டதோ?"

அந்த நேரம் இணைப்பு அறுந்துபோயிற்று, எங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். ஹோட்டல்களில் அது நடக்கிறதுதானே. ஆனால் சுகிர்தா பக்கத்தில் நின்றாள். இவ்வளவு பாடுபட்டு அவள் பிடித்துத் தந்த இணைப்பின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, அந்த இடத்தைக் கேட்கவில்லை என்று சொன்னால், அதற்குப் பிறகு அவள் ஏறி நின்றதையும் நான் கேட்கவில்லை என்றுதானே ஆகும்.

"ஓம் பிள்ளை, கேட்டது. உடைஞ்சதும் கேட்டது. நீ திரும்பப் போய் அதே இடத்தில நிண்டதும் கேட்டது. ரெண்டையும் கேட்டன்."

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சுகிர்தா திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. பிரியாந்தினி அழுதுகொண்டிருந்தாள்.