தொடர்ந்து பேசி வேதனை

மனிதனுக்கு வரும் நோய் எதுவானாலும் அதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். அது மன உறுதி. இந்தப் பேருண்மையை, மலையாள நாட்டில் சாலைக் கடைத்தெருவின் தமிழ் ஜவுளி முதலாளி வன்னியராஜ் தினமும் காலை ஒன்பது மணிக்கு, வேலையாட்களை வரிசையாக நிறுத்திவைத்து எடுத்துரைப்பார். எடுத்துரைக்கும்போது அவர் உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பின்னால் வெந்நீர்ப் பை இருக்கும்.

வரிசையில் நிற்கும் பொன்செல்விக்கு அந்த இருபத்தைந்து நிமிடம் போவதற்குள் உயிர் போய் வரும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். ஆறு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். போன ஓணத்துக்குப் பிறகு, உடம்பில் வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. தோளில் முந்தானை பட்டாலும் வலித்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விடிய விடியப் பொதி சுமந்தவள் போலிருந்தது. நடுநடுவே சொற்கள் வேறு நழுவின. ஒருநாள் ‘ரவிக்கை’ என்ற வார்த்தை வாய்க்கு வராமல், வாடிக்கையாளர் முன்னால் கையால் காட்ட வேண்டியிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயை முதலாளியே டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“எலும்பெல்லாம் கும்முனு இருக்கே. இதுல வலி எங்கட்டி தெரியுது?”

“உள்ள வலிக்கி முதலாளி. கொஞ்ச நேரம் உக்காந்து எந்திச்சா நிக்கலாம்.”

“நிக்க முடியாதவங்களுக்கு ஜவுளிக்கடை எதுக்கு? இந்த மாசம் பாரு. முடியலன்னா ஊருக்குப் போய் நல்லா உக்காரு.”

கடையில் ஸ்டூல் இல்லாமலில்லை. வேலையாட்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது ஒன்று வாங்கினார்கள். அது முதலாளியின் அறையில், தொழிலாளர் நலனுக்காக அவருக்கு வழங்கப்பட்ட மூன்று கேடயங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பொன்செல்வி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஷீனா ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவளுடைய கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் துடித்தாள்.

“ரிப்போர்ட் நார்மலாணு. பக்ஷே வேதன உள்ளதாணு, கேட்டோ. நிங்ஙள் அபிநயிக்கயல்ல.”

வலி உண்மைதான், நடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னதும் பொன்செல்வி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. ரேடியோவில் சத்தத்தை யாரோ கூட்டி வைத்துவிட்டதுபோல, சின்னத் தொடுதலையும் நரம்புகள் பெரிதாக்கிச் சொல்கின்றன. அடியோடு போகும் என்று சொல்ல முடியாது, குறைத்து வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்குத் தூக்கம், தினமும் கொஞ்சம் நடை, ஒரு மாத்திரை. முக்கியமாக, ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கக் கூடாது. இங்கிலீஷில் எழுதினால் கடையில் மூலையில் போட்டுவிடுவார்கள் என்று, முதலாளிக்கு மலையாளத்திலேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, சீலும் வைத்தார்.

வன்னியராஜுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இதை அவர் தமிழ்ப்பற்று என்று சொல்லிவந்தார். அவருடைய மேசைக்கு எந்தக் காகிதமும் தமிழில்தான் வரவேண்டும். அதிலும் ஜ, ஷ, ஸ போன்ற வடவெழுத்து கூடாது. தன் பெயரின் கடைசியில் நிற்கும் எழுத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார்.

சீட்டைத் தமிழில் எழுதும் வேலை கேஷில் இருக்கும் ஜெஸ்லினுக்கு வந்தது. மலையாளப் பள்ளியில் படித்த பெண். ‘தொடர்ச்சியாய பேஷீவேதன’ என்று டாக்டர் எழுதியிருந்தார். மலையாளத்தில் பேஷி என்றால் தசை, வேதன என்றால் வலி. விடாத தசைவலி, அவ்வளவுதான். ஜெஸ்லின் விதிப்படி ‘ஷ’வை நீக்கி, குண்டுகுண்டாக எழுதினாள்:

‘பொன்செல்விக்கு, தொடர்ந்து பேசி வேதனை. அதிக நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. உட்கார இருக்கை கொடுக்கவும்.’

மறுநாள் காலை உரை தொடங்குமுன் வன்னியராஜ் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் படித்தார்.

“இது கவர்மெண்ட் டாக்டர் எழுதுனதா?”

“அதே முதலாளி,” என்று மலையாளத்தில் ஆமாம் போட்டாள் ஜெஸ்லின். “சீலும் உண்டு.”

அவர் பொன்செல்வியைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

“நான் தொடர்ந்து பேசித்தான் உனக்கு வேதனையாட்டி?”

ஜெஸ்லினுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முகம் சிவந்து கேஷ் பெட்டியையே பார்த்தாள். வேட்டிப் பிரிவின் மூத்த ஆள் பிச்சைக்கனி தொண்டையைச் செருமினார்.

“எனக்கும் உண்டு முதலாளி. நான் டாக்டர்ட்ட போகல, அவ்வளவுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. வரிசை முழுவதும் தலையாட்டியது. பொன்செல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாக எக்ஸ்ரே, ரத்தம், மாத்திரைச் சீட்டு என்று காட்டியும் அவள் உடம்பு வலிப்பதை இவர்களில் ஒருவரும் நம்பவில்லை. இந்த நோயை ஒரு நிமிடத்தில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். ‘அது பேஷி முதலாளி, தசை’ என்று திருத்தினால் மறுபடி எக்ஸ்ரே டியூப்லைட்டுக்குப் போகும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

“ஆமா முதலாளி,” என்றாள்.

வன்னியராஜுக்கு உண்மையாகவே வலித்திருக்க வேண்டும். கை தானாக வெந்நீர்ப் பையைத் தேடியது. பிறகு அன்றைய உரையைத் தொடங்காமலே அறைக்குள் போனார். கேடயங்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூலை அவரே தூக்கி வந்து சேலைப் பிரிவில் போட்டார்.

“உக்காரு.”

பொன்செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்டூல் உயரம். கால் தரைக்கு எட்டவில்லை.