ஒரே வாளியில் கலந்த பாகு

1

கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. என்னிடம் கேட்டது ஒரு துண்டறிக்கை. தேனீயின் குடலுக்கு நல்ல பாக்டீரியா கொடுப்பதைப் பற்றி, பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம். கேட்டவள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தன் அண்ணியின் தேனீப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எழுத்து ஒழுங்காக வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அண்ணி பெட்டிகளைக் காட்டினாள். கூடவே நடந்ததையும் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது துண்டறிக்கை என் கையைவிட்டுப் போயிருந்தது.

எழுத இருவரும் சம்மதித்தார்கள். அண்ணி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: "என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க."

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "செத்த தேனீக்கள் பெட்டியின் வாசலில் கிடந்தன. வானம்கூட அன்று…" (வானத்துக்கு இங்கே என்ன வேலை? அடித்தேன்.)

இரண்டாவது: "பிறக்கும்போது தேனீயின் குடல் வெறுமையாக இருக்கிறது. மனிதனும்…" (இவனை யார் கூப்பிட்டது?)

இரண்டாவதில் முதல் வாக்கியம் மட்டும் தேவைப்படுகிறது. வைத்துக்கொள்கிறேன்.

2

பிறக்கும்போது தேனீயின் குடல் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது. கூட்டுக்குள்ளே மூத்த தேனீக்களோடு உரசி, அவை நடமாடிய தேனடையை நக்கி, சில நாளில் அது தனக்கு வேண்டிய பாக்டீரியாக்களைச் சேர்த்துக்கொள்கிறது. மகரந்தம் செரிப்பதற்கும், நோயோடு மல்லுக்கு நிற்பதற்கும் அவை வேண்டும்.

அண்ணியின் பெட்டிகளில் புழுக்கள் அழுகும் நோய் வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நோய் போயிற்று. ஆனால் அந்த மருந்துக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியாது. கூட்டத்தின் குடலில் இருந்த நல்லதையும் துடைத்துவிட்டது. பிழைத்த தேனீக்கள் சுரத்தில்லாமல் இருந்தன. பூத் தேடிப் போனவற்றில் பாதி திரும்பவில்லை.

அப்போதுதான் நாத்தனார், என்னிடம் துண்டறிக்கை கேட்டவள், தன் பாட்டில்களோடு வந்தாள். ஆரோக்கியமான தேனீக்களின் குடலிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவள் வருஷக்கணக்கில் வளர்த்த பாக்டீரியா. சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்க வேண்டும்.*

* புரோபயாடிக் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். அண்ணி அதை "வயித்து மருந்து" என்றாள். எனக்கும் அதுவே போதும்.

3

வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு பெட்டிகள். ஆறு பெட்டிக்குச் சிவப்பு மூடி பாட்டில், ஆறுக்கு நீல மூடி பாட்டில். ஒன்றில் பாக்டீரியா கலந்த பாகு, இன்னொன்றில் வெறும் பாகு. எதில் எது என்று அண்ணி கேட்டாள்.

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது அண்ணி. தெரிஞ்சா கை ஒரு பக்கம் சாயும்."

அண்ணியின் கணவர், அதாவது நாத்தனாரின் அண்ணன், லாரி ஓட்டுகிறார். மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி திருப்புவார் என்று பேர்; தேனீ என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். தேன் பாட்டிலைத் திறக்கும்போதுதான் அவருடைய வீரம் வெளிப்படும். ஆக, பாகு வைக்கும் வேலை முழுக்க அண்ணியின் தலையில்.

முதல் நாளே சிவப்பு மூடியைத் திறந்தாள். லேசான புளிப்பு வாடை. நீல மூடியைத் திறந்தாள். ஒரு வாடையும் இல்லை.

கை சாய்வதற்கு அது போதுமாக இருந்தது.

4

நீல மூடி வரிசையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை அவள் திறந்து பார்த்தாள். அடை கட்டும் மரச்சட்டங்களில் தேனீக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இறக்கையை விரிக்காமலே நடந்தன. பாட்டிலைச் சாய்க்கப் போனவள், அப்படியே நிறுத்தி, இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினாள். பன்னிரண்டு பெட்டிக்கும் சமமாக வைத்தாள். அடுத்தடுத்த முறையும் அப்படியே.

ஏன்?

(இந்த இடத்தில் நான் வழி தவறினேன். முதல் பிரதியில் அண்ணிக்கு ஒரு குழந்தை பிறந்து, மருந்து கிடைக்காமல் இறந்துபோனதாக எழுதினேன். காரணமும் ஆயிற்று, வாசகர் கண்ணும் கலங்கும். மறுநாள் படித்தபோது எனக்கே கூசியது. அண்ணியின் மகள் திடகாத்திரமாக இருக்கிறாள். பல் மருத்துவம் படிக்கிறாள்.)

அண்ணி என்னிடம் சொன்ன காரணம் இவ்வளவுதான்: "ஒரு வீட்டுல பாதிப் பேருக்குச் சோறு போட்டுட்டு, மீதிப் பேரை வெறும் தட்டு முன்னாடி உக்கார வெக்கிறதா? எனக்கு வரல."

5

பருவம் முடிந்ததும் நாத்தனார் வந்து ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் தேனீக்களை எடுத்துப் போனாள். பெட்டிகள் பெரும்பாலும் தேறியிருந்தன. ஆனால் அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பூவும் அமோகமாகப் பூத்திருந்தது.

சோதித்து முடித்துவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். முகம் விழுந்திருந்தது. இரண்டு வரிசைக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை என்றாள். தன் பாக்டீரியாவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குளிர்பெட்டியில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதாகவும் அதே குரலில் சொன்னாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் நினைத்ததை என்னிடம் மறைக்கவில்லை.

"ரெண்டையும் ஒரே வாளியில கலந்துதான் வெச்சேன்."

நாத்தனாருக்குப் பிடிபடவில்லை. "எப்போ?"

"ஆரம்பத்துலேருந்தே. பாவமா இருந்துச்சு."

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு எல்லாத்தையும் கொட்டியிருப்பேன் அண்ணி. அது நிஜமாவே நல்ல மருந்தா இருந்திருந்தா? இந்த ஆறு பெட்டிக்குப் பாவம் பார்த்தீங்க. மத்தவங்க பெட்டியெல்லாம்?"

பெட்டிகள் மருந்தில்தான் தேறினவா, பூவில்தான் தேறினவா என்று இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெட்டியையும் அண்ணி மிச்சம் வைக்கவில்லை.

நாத்தனார் டீயைத் தொடாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு போன் இல்லை. அண்ணியின் கணவர் நடுவில் புகுந்து பார்த்தார். இரண்டு பேருமே அவரைச் சட்டை பண்ணவில்லை. தன்னை ஸ்டெப்னி டயராக ஆக்கிவிட்டார்கள் என்று லாரியிலிருந்தே புலம்பினார்.

6

இங்கே ஒரு முடிவு தயாராக இருந்தது: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அழவில்லை.) இன்னொன்று: நாத்தனார் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே… (மிதித்தாள்.)

அடுத்த பருவத்தில் நோய் திரும்பவும் வந்தது. திரும்பவும் ஆன்டிபயாடிக். ஒரு காலையில் நாத்தனார் வாசலில் நின்றாள், கையில் அதே சிவப்பு, நீல மூடிகளோடு புதுப் பாட்டில்கள். இந்தத் தடவை இரண்டுமே புளிக்கும் என்றாள். ஒன்றில் உயிருள்ள பாக்டீரியா, மற்றதில் அதையே கொதிக்கவைத்துக் கொன்றது. முன்பே வாடையை யோசிக்காதது தன் தப்பு என்றும் சொன்னாள்.

அண்ணி கையை நீட்டவில்லை. வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள்.

"வேற யாராவது கலந்தா எங்கிட்ட சொல்ல மாட்டாங்க. நீங்க சொன்னீங்க."

கொஞ்சம் பொறுத்து, "மறுபடியும் மனசு கேக்கலேன்னா கலந்துக்கோங்க. ஆனா அன்னைக்கே சொல்லிடுங்க" என்றாள்.

அண்ணி வாங்கிக்கொண்டாள்.

7

நான் போனது அந்தப் பருவத்தின் நடுவில். அண்ணி என்னைத் தள்ளி நிற்கவைத்து, புகை போட்டு, ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினாள். மற்றவை பரவாயில்லை; இது மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. சிவப்பு மூடி வரிசை. முன்பெல்லாம் ஒரு பெட்டி மெலிந்தால், வெறும் பாகு குடித்து வாடுகிறதே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். இப்போது வேறொரு பயம்.

"இது செத்த மருந்தைக் குடிச்சு மெலிஞ்சதா இருந்தா தேவலைன்னு இருக்கு," என்றாள் தாழ்ந்த குரலில். "நல்ல மருந்தைக் குடிச்சும் இப்படி ஆச்சுன்னா, அவகிட்ட எப்படிச் சொல்றது?"

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கிளம்பிவிட்டேன். பிறகு போன் செய்து அவள் கலந்தாளா இல்லையா என்று தெரிந்துகொண்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் செய்யவில்லை. தெரிந்துவிட்டால் இந்தக் கதையை எழுதும்போது என் கையும் ஒரு பக்கம் சாயும்.

ஆகவே இப்படி விடுகிறேன். மூடி திறந்திருக்கிறது. சட்டத்தின் விளிம்பில் சில தேனீக்கள் தலையை நீட்டிப் பார்க்கின்றன. இரண்டு பாட்டில்களும் பக்கத்துப் பெட்டியின் மேல் இருக்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி புளிக்கின்றன. இனி உங்கள் கை. எடுங்கள். எது எதென்று எனக்கும் தெரியாது.