பருந்து திறந்திருக்கிறது

விடியற்காலை ஐந்தரைக்கு மழை நின்றது. ஐந்தே முக்காலுக்கு அவள் மலை உச்சியில் நின்றிருந்தாள், கையில் ஒரு பிடி ஈரமண்ணோடு.

மண்ணை உருட்டி அழுத்தினாள். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தால் சைக்கிள் தடத்தை மூட வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் டயர் வழுக்கும், எச்சரிக்கை போட வேண்டும். உருண்டையாக நின்று, ஒரு தட்டுத் தட்டியதும் இரண்டாகப் பிளந்தால் அன்றைக்கு மலைச் சைக்கிள்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

தட்டினாள். பிளந்தது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று மாதம் புழுதியைத் தின்ற மலைச் சைக்கிள் பார்க் அது. இன்றைக்கு மண் வெண்ணெய்.

பார்க்கில் மொத்தம் பதினொரு தடங்கள். தினமும் காலை எட்டு மணிக்குள் ஒவ்வொன்றின் நிலவரத்தையும் போனில் பதிவு போடுவது அவள் வேலை. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எங்கே வேர் வெளியே வந்திருக்கிறது, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். வேலையாட்கள் அவளுக்கு மண் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் கையால் மண்ணைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டாள் என்பது ஊரறிந்த விஷயம். அவள் 'திறந்திருக்கிறது' என்று எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். நிஜமாகவே கண்ணை மூடியவர் யாருமில்லை. பல் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

ஏழு மணிக்கு, அவள் நான்காவது தடத்தில் முழங்கால் வரை சேறோடு இருந்தபோது, போன் அடித்தது. தங்கை.

"அக்கா, பருந்து?"

"காலையில எழுந்தா குட் மார்னிங்னு ஒண்ணு இருக்கு."

"குட் மார்னிங். பருந்து?"

பருந்து என்பது பார்க்கின் பெரிய தடம். வரிசையாகப் பன்னிரண்டு ஜம்ப். ஒரு மேட்டில் ஏறிப் பறந்து, எதிரே இருக்கிற இறங்குமேட்டில் சைக்கிளோடு வந்து விழ வேண்டும். பதினான்கு மாதம் முன்பு அதே பருந்தில் விழுந்துதான் தங்கை தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டாள். இரண்டு ஆபரேஷன், ஒரு தகடு, எட்டுத் திருகு. போன வாரம்தான் டாக்டர், நிஜ டாக்டர், ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். கூடவே ஒன்று சொன்னார். அதே இடம் இன்னொரு முறை உடைந்தால் கை தோளுக்கு மேலே தூக்க வராது, சைக்கிளை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

"நீ இன்னும் கிளம்பலையா?" என்றாள் அக்கா.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் பேசறேன். முதல் லிஃப்ட்ல முதல் ஆள் நான்தான். அம்மா வேற வாசல்ல நின்னுக்கிட்டு உன்கிட்ட சொல்லச் சொல்றாங்க."

"என்ன சொல்லணுமாம்?"

"இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயும் வீட்டுப் பக்கம் வராதேன்னு."

"சரி. என் பதிவைப் பார்த்துட்டு ஏறு. அதுல என்ன இருக்கோ அது மட்டும்தான். உன் சொந்த மூளையை வீட்டுலயே வெச்சுட்டு வா."

"அதை வெச்சு ரொம்ப நாளாச்சு," என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள்.

ராத்திரி முழுக்கப் பெய்த மழை எல்லாத் தடத்தையும் கலைத்துப் போட்டிருந்தது. ஒன்றில் மரம், ஒன்றில் ஓடை, இரண்டில் பலகைப் பாலம் வழுக்கல். ஏழேகால் ஆனபோது இன்னும் ஐந்து பாக்கி. அப்போதுதான் அவள் தன் வழக்கத்தை முதல் முறையாக மீறினாள். பருந்தை மேஸ்திரியிடம் விட்டாள்.

மேஸ்திரி என்றால் தடம் வெட்டும் கூட்டத்தின் தலைவர். பருந்தின் ஒவ்வொரு மேட்டையும் தன் கையால் கட்டியவர். அவரைவிட நன்றாக அதை யார் பார்க்க முடியும்? ஏழே முக்காலுக்கு அவரிடமிருந்து சேதி வந்தது.

"அஞ்சாவது இறங்குமேடு கரைஞ்சிடுச்சு. இடதுபக்கம் சுத்திப் போற வழி நல்லாருக்கு. மத்த பதினொண்ணும் தங்கம் டாக்டரம்மா, தங்கம்."

அவள் அதை அப்படியே நல்ல தமிழாக்கிப் பதிவு போட்டாள். பருந்து திறந்திருக்கிறது. ஐந்தாவது ஜம்பில் மட்டும் இடதுபக்க மாற்றுவழி. மற்றவை முழு வேகத்துக்கு உகந்தவை.

அரை நிமிடத்தில் நூற்றுப் பத்து லைக்.

எட்டு ஐம்பதுக்கு, ஆட்களையும் சைக்கிள்களையும் உச்சிக்குத் தூக்கும் லிஃப்ட் கிளம்பியது. ஒன்பது மணிக்கு அவள் மலையடிவாரத்துக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, மேஸ்திரி நாலு சக்கர மோட்டார் வண்டியின் பின்னால் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது ரிப்பன் சுருள்கள். மூடிய இடத்துக்குக் குறுக்கே கட்டுகிற மஞ்சள் ரிப்பன்.

"பருந்துல கட்டலையா அண்ணே?"

"கையில இருந்தது மத்த தடத்துக்கே சரியாப் போச்சு. அதான் எடுக்க வந்தேன். நீதான் எழுதிட்டியே, யாரு அதுல ஏறப் போறா?" கயிற்றை இறுக்கினார். "நல்ல வேளை, பெரிய பாறைக்குப் பின்னாடி இருக்கிற மேடு அது. மேலேருந்து வர்றவனுக்குக் கண்ணுக்கே தெரியாது. நீ எழுதலைன்னா எவனாவது நேரா குழிக்குள்ள போயிருப்பான்."

அவள் ரிப்பன் சுருளைக் கீழே வைத்தாள்.

"பெரிய பாறை அஞ்சாவதுல இல்லையே. எட்டாவதுல இல்ல இருக்கு?"

"எட்டா? இங்கேருந்து மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறினா ஒண்ணு, ரெண்டு, மூணு..." மேஸ்திரி விரலை மடக்கினார். ஐந்தாவது விரலில் அவர் முகம் வெளுத்தது.

மண்வெட்டுகிறவர்கள் கீழேயிருந்து ஏறுகிறார்கள், கீழேயிருந்து எண்ணுகிறார்கள். சைக்கிள்காரர்கள் மேலேயிருந்து இறங்குகிறார்கள், மேலேயிருந்து எண்ணுகிறார்கள். வழக்கமாக அவளே நடந்து பார்ப்பதால் இது ஒருநாளும் முட்டிக்கொண்டதில்லை. நம்பர் பலகைகளோ போன வாரம்தான் பெயின்ட் அடிக்கக் கழற்றப்பட்டு, இதோ இந்தக் கொட்டகைச் சுவரில் சாத்திக் கிடந்தன.

முழு வேகத்துக்கு உகந்தவை. அவள் எழுதியதுதான்.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "மேல் நிலையம். பருந்தை நிறுத்துங்க. யாரையும் விடாதீங்க."

கரகரவென்று லிஃப்ட் ஆபரேட்டரின் குரல் வந்தது. "லேட்டாச் சொல்றியே. உன் தங்கச்சி இப்பத்தான் இறங்கினா. பத்து செகண்ட் ஆகுது. பொண்ணு என்னா குஷி தெரியுமா?"

மேஸ்திரி அதற்குள் வண்டியை முறுக்கிவிட்டார். அவள் பலகைகள் மேலேயே தாவி உட்கார்ந்தாள்.

தங்கை பருந்தை முழுசாக இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். எட்டாவது ஜம்புக்கு இரண்டரை. ஏழாவதுக்குப் பக்கத்தில் வேலையாட்களின் மண்சாலை தடத்தைத் தொடுகிறது. கொட்டகையிலிருந்து அங்கே போக, வறண்ட நாளில், ஒன்றே முக்கால் நிமிடம்.

இது வறண்ட நாள் இல்லை.

"பிடிச்சுக்கோ," என்றார் மேஸ்திரி.

"எதைப் பிடிக்கறது, பலகைதான் இருக்கு."

"அப்ப என்னைப் பிடி. என் சட்டை பழசுதான்."

முதல் வளைவில் வண்டியின் பின்பக்கம் விலகிச் சுழன்றது. சேறு விசிறியாக எழுந்து அவள் முகத்தில் அப்பியது. இரண்டாவது வளைவில் ஒரு பலகை கழன்று பள்ளத்தில் போய் விழுந்தது. மேஸ்திரி திரும்பியே பார்க்கவில்லை. வாய்க்குள் யாரையோ வேண்டிக்கொண்டோ திட்டிக்கொண்டோ வந்தார், இரண்டும் ஒரே ராகத்தில் இருந்தது.

அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஐந்தாவதில் மாற்றுவழி என்று எழுதியிருக்கிறது. தங்கை அங்கே பிரேக் பிடிப்பாள், சுற்றிப் போவாள். குறைந்தது பத்து விநாடி கிடைக்கும். தவறாக எழுதியதிலேயே ஒரு தயவு. அந்தப் பத்து விநாடியை அவள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

மண்சாலையின் கடைசி ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல ஆரம்பித்தது. ஒரு அங்குலம் நகரவில்லை.

அவள் குதித்தாள். ஓடினாள். கால் வழுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்து, கையையும் ஊன்றி ஏறினாள். மரங்களுக்கு நடுவே ஏழாவது ஜம்பின் முதுகு தெரிந்தது. இன்னும் முப்பது அடி.

அப்போது சத்தம் கேட்டது.

மலையில் சைக்கிள் வருவதைக் காதாலேயே எண்ணலாம். டயரின் உறுமல், பிறகு ஒரு மௌனம், பிறகு 'தொம்' என்று மண்ணில் இறங்கும் சத்தம். அந்த மௌனத்தில்தான் ஆள் காற்றில் இருக்கிறார்.

உறுமல். மௌனம். தொம். அது மூன்றாவதாக இருக்க வேண்டும்.

உறுமல். மௌனம். தொம். நான்கு.

இனி பிரேக் கிறீச்சிட வேண்டும். அவள் ஏறிக்கொண்டே அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள்.

உறுமல். மௌனம்.

தொம்.

ஐந்தையும் பறந்துவிட்டாள்.

பத்து விநாடி போயிற்று. அவள் கடைசி முப்பது அடியை எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தடத்தின் நட்ட நடுவில், ஏழாவது மேட்டுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள். பார்க்குக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். நில்.

ஆறாவது மேட்டின் மேலே வானத்தில் ஒரு சிவப்பு ஹெல்மெட் எழுந்தது. அழகாகத்தான் பறந்தாள். அந்த நேரத்திலும் அக்காவுக்கு அது தோன்றியது.

இறங்கினாள். பார்த்தாள். இரண்டு பிரேக்கும் ஒன்றாக அலறின. பின்சக்கரம் பாம்பாக நெளிந்தது. அக்கா அசையவில்லை. அசைந்தால் வழி இருக்கிறது என்று நினைத்துவிடுவாள். கைகளைக் குறுக்கே வைத்தபடி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று அடி பாக்கி இருக்கும்போது தங்கை சைக்கிளைப் பக்கத்துக் கரை மீது திருப்பினாள். கரை ஏறி, வேகம் செத்து, சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், இலைக்குப்பையில் மெதுவாகச் சரிந்தாள்.

"அசையாதே. தோள்? தோள் எப்படி இருக்கு?"

இலைக்குப்பை அசைந்தது. பிறகு பேசியது.

"தோள் இருக்கு. மூக்குக்குள்ளதான் மண்ணு. உனக்குப் பைத்தியமா அக்கா? தடத்துக்கு நடுவுல வந்து கோயில் தூண் மாதிரி நிக்கறே."

"அஞ்சாவதுல சுத்திப் போன்னு எழுதியிருந்தேன் இல்ல?"

"எழுதியிருந்தே. நாலாவதுலேருந்து பார்த்தா அஞ்சாவது குழந்தை கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு. சரி, அக்காவுக்குத் தூக்கக் கலக்கம்னு விட்டேன் ஒரு தாவு."

அக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள், நல்ல கையை. ஏழாவதைத் தாண்டி, பெரிய பாறையைச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். எட்டாவது இறங்குமேடு இருக்க வேண்டிய இடத்தில், ஓர் ஆள் இடுப்பளவுக்குப் பள்ளம். அடியில் கூரான கற்கள் கழுவித் துடைத்த மாதிரி பளபளத்தன.

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றினாள். ரொம்ப நேரம் அந்தக் கற்களையே பார்த்தாள். அவள் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"இதை நீ பார்க்கலையா?"

"இல்ல. பார்க்காம எழுதினேன்."

தங்கை ஹெல்மெட்டில் ஒட்டிய மண்ணை விரலால் சுரண்ட ஆரம்பித்தாள். கத்தியிருந்தால் அக்காவுக்குப் பரவாயில்லை.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். பள்ளத்தைப் பார்க்காமல் தங்கையை மேலும் கீழும் பார்த்தார். "முழுசா இருக்கியாம்மா? டாக்டரம்மா, தப்பு என் பேர்ல எழுது. நான்தான் கீழேருந்து எண்ணினேன்."

"நீங்க இருபது வருஷமா அப்படித்தான் எண்ணறீங்க. கேட்டுக்காம எழுதினது நான்."

அங்கேயே கல் மேல் உட்கார்ந்து பதிவு போட்டாள். பருந்து மூடப்பட்டது. காலையில் நான் எழுதியது தவறு. கரைந்தது ஐந்தாவது அல்ல, மேலிருந்து எட்டாவது. நான் நேரில் பார்க்கவில்லை. சரிசெய்ததும் சொல்கிறேன். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. இந்த முறை லைக் ஒன்றும் விழவில்லை. கீழே லிஃப்ட் வாசலில் அறுபது பேர் ஹெல்மெட்டோடு முணுமுணுப்பதாகக் கீழ் நிலையத்து ஆபரேட்டர் சேதி சொன்னார்.

மேஸ்திரியின் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். கல்லைப் போட்டு, செம்மண் கொட்டி, பலகையால் அறைந்து, மறுபடி கொட்டி. அவளும் மண்வெட்டி எடுத்தாள். ஐம்பது நிமிடத்தில் மேடு எழுந்து நின்றது. அவள் மேலே ஏறி மிதித்தாள், குதித்தாள், குதிகாலால் குத்திப் பார்த்தாள். கடைசியாக ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். இறுகி நின்றது.

திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணோம். சைக்கிளையும் காணோம்.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஆபரேட்டர் இல்லை, அவர் கருவியை வாங்கிப் பேசும் தங்கை. "மேல நிக்கறேன். எட்டாவது எப்படி?"

"இறங்கி வந்து நின்னு பார்த்துட்டு அப்புறம் போ."

"அதெல்லாம் முடியாது. நின்னு பார்க்கறதுன்னா நீ எதுக்கு? எப்படி இருக்குன்னு நீ சொல்லு, நான் அப்படியே வரேன்."

அவள் பேசும் பொத்தானில் விரலை வைத்தாள். நாலு பேர் முன்னால் சத்தியம் செய்வது சுலபம். இது அப்படி இல்லை. மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"கையால பார்த்துட்டேன். காலால பார்த்துட்டேன்," என்றாள். "பாறைக்கிட்ட பிரேக்கைத் தொடாதே. முழு வேகத்துல வா."

"வரேன்."

அவள் இறங்குமேட்டுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றாள். பாறைக்குப் பின்னால் உறுமல் வளர்ந்தது. பிரேக் சத்தம் துளிகூட இல்லை. பிறகு பாறைக்கு மேலே தங்கை வந்தாள். முழங்கால் மடங்கி, கைகள் தளர்ந்து, மரக்கிளை உயரத்தில், அக்காவின் தலைக்கு மேலே நிழலை இழுத்துக்கொண்டு. ஈரச் செம்மண் அவளை வாங்கிக்கொண்டது. ஒரு கல் தெறிக்கவில்லை. ஒன்பதை நோக்கிப் போகிற போக்கில் சிரித்தது மட்டும் கேட்டது.

"தங்கம்," என்றார் மேஸ்திரி, பெருமூச்சோடு.

ஒரு நிமிடம் கழித்து வாக்கி டாக்கியில், கீழ் நிலையத்திலிருந்து தங்கையின் குரல் வந்தது, மூச்சு வாங்க.

"அக்கா, நான் திரும்ப மேல போறேன். ஆனா இங்க நிக்கற அறுபது பேரும் எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகைன்னு திட்டறாங்க. சீக்கிரம் திறந்து விடேன்."

அவள் போனை எடுத்தாள். விரலெல்லாம் சேறு, திரை வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு எழுதினாள்: பருந்து திறந்திருக்கிறது. அனுப்பிய மறுநொடி அடிவாரத்தில் லிஃப்ட் கம்பி முனகிக்கொண்டு கிளம்பியது.

"எல்லாரும் ஓரமா வாங்க," என்றாள் மேஸ்திரியின் ஆட்களிடம். "கூட்டமா வரப் போறாங்க."