வாத்துக்கு முன்னால் எடிட்டர்

லிமான் குடியிருப்பில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று படியேறும்போதே தெரிந்துவிடும். அந்த இலையுதிர்காலத்தில் நெவெங்கா வீட்டில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

ஹங்கேரிய மொழியிலிருந்து ஒரு பொம்மலாட்ட நாடகத்தைச் செர்பியனில் மொழிபெயர்த்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஊர்த்தலைவராக ஆசைப்படும் ஒரு வாத்தின் கதை, முழுக்கப் பாட்டு. அவள் குடும்பத்துப் புனிதரின் திருநாளுக்கு மறுநாள் ஒத்திகை. பிரதி வராவிட்டால் வேலை இன்னொரு மொழிபெயர்ப்பாளரான புதிமீருக்குப் போய்விடும் என்று இயக்குநர் மியோதிராக் சொல்லியிருந்தார். புதிமீர் கையில் கொடுத்தால் வாத்துகூட வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் பேசும் என்பது நெவெங்காவின் கருத்து. வாத்தை அவனிடம் விட அவளுக்கு மனமில்லை.

ஆனால் அவளும் அதைத் தொட்டபாடில்லை. எழுதவும் திருத்தவும் புதிதாக ஓர் எடிட்டர் மென்பொருளைக் கணினியில் ஏற்றியிருந்தாள். லிஸ்ப் என்ற நிரல்மொழி தெரிந்தால் அதை நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாமாம். முதலில் எடிட்டர், பிறகு வாத்து என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

எதிர்வீட்டு டிராகிட்சா சர்க்கரை கேட்கும் சாக்கில் வந்து, காபியும் குடித்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பூரா அடைப்புக்குறி? கொசுவலைக்குப் பின்னால எழுதின மாதிரி இருக்கு."

"தொறந்தா மூடணும், அவ்வளவுதான்டி."

"இத எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடு. ஃப்ரிட்ஜத் தொறந்தா மூடறதே இல்ல. சரி, வாத்து எதுவரைக்கும் வந்துச்சு?"

"தலைப்பு முடிஞ்சுது."

"போன மாசமும் தலைப்புதானே முடிஞ்சிருந்துச்சு?"

"இப்ப அது தானாவே நடுவுல வந்து நிக்குது. அதுக்கு ஒரு கட்டளை எழுதினேன்."

கேலி ஒருபுறம் இருக்கட்டும். தலைப்பை நடுவில் நிறுத்தியவள், அடுத்து ஹங்கேரிய வரியையும் செர்பிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். பாட்டின் ஒவ்வொரு வரி ஓரத்திலும் அசைகளின் எண்ணிக்கை தானாகத் தெரியும்படி செய்தாள். ஆரம்பத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது.

"தொறந்தா மூடணும். அடைப்புக்குள்ள முதல்ல நிக்கிறது வேலை. பின்னால நிக்கிறதுங்க மேல அந்த வேலை நடக்கும்" என்று கணவன் ஸ்வெதோசாரிடம் விளக்கினாள்.

சுட்ட குடைமிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அப்போ நம்ம வீடும் லிஸ்ப்தான். முன்னால நீ நிக்கிற, பின்னால நான்."

கடைசியாக ஒன்று பாக்கி என்றாள். செர்பியனை லத்தீன் எழுத்திலும் எழுதலாம், ரஷ்ய எழுத்தைப் போன்ற சிரிலிக்கிலும் எழுதலாம். அவள் விரல்களுக்கு லத்தீன்தான் வேகம். நாடக அரங்குக்கோ சிரிலிக்தான் வேண்டும். எனவே, கோப்பைச் சேமித்தவுடன் லத்தீன் எழுத்தெல்லாம் சிரிலிக்காக மாற ஒரு கட்டளை எழுதினாள். சோதித்துப் பார்த்தாள், பிரமாதம். அந்தப் பூரிப்பிலேயே, தன் கட்டளைகள் அத்தனையும் இருந்த அமைப்புக் கோப்பையும் சேமித்து மூடிவிட்டு, டிராகிட்சாவிடம் பீற்றிக்கொள்ளப் போனாள்.

எந்தக் கோப்பை மாற்றவேண்டும் என்று அந்தக் கட்டளையில் அவள் சொல்லவில்லை. சொல்லாததால் அது எதையும் விடவில்லை. தன்னைப் பெற்ற கோப்பையே சிரிலிக்கில் குளிப்பாட்டி எடுத்திருந்தது. மறுநாள் திறந்தபோது எடிட்டருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. பிழை என்று ஒரு முணுமுணுப்பு, பிறகு வாங்கி வந்த அன்றைய கோலத்தில் மொட்டையாக நின்றது. பழைய பிரதியாவது உண்டா? குப்பை சேர்கிறது என்று பழைய பிரதி வைக்காமலிருக்க ஒரு கட்டளை எழுதியிருந்தாளே, மகராசி.

நெவெங்கா மூக்கைச் சிந்தினாள். திருப்பி மாற்ற ஒரு கட்டளை எழுதலாம்தான். ஆனால் அவளுக்கே அவளைத் தெரியும். அதை எழுதினால் அதற்கு ஒரு விசை, விசைக்கு ஒரு நிறம் என்று திருநாள் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மியோதிராக்கின் போன்.

"புதிமீர் சும்மாதான் இருக்காராம், மேடம். சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

ஸ்வெதோசார் காபியைக் கொண்டுவந்து வைத்தார். "இனிமே சீவிச் சிங்காரிக்க ஒண்ணும் இல்லையேம்மா. வாத்தக் கூப்பிடு."

கூப்பிட்டாள். மொட்டை எடிட்டரில், லத்தீன் எழுத்தில், அசைகளை மேசைமேல் விரலால் தட்டி எண்ணியபடி. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதாகவே கீழ்வீட்டார் நினைத்தார்கள்.

குடும்பப் புனிதரின் திருநாளுக்கு எங்கள் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் வந்துவிடுவார்கள். மியோதிராக்கும் வந்தார். மெழுகுவர்த்தி எரிய, இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"வாத்து?"

"முடிஞ்சுது."

"சிரிலிக்லதானே?"

நெவெங்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சாப்பிடுங்க, வந்துடறேன்."

விருந்தாளிகள் முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த சர்மாவைச் சுற்றி உட்கார்ந்திருக்க, உள்ளறையில் அவள் அந்தக் கட்டளையை மறுபடி எழுதினாள். எதையும் பார்க்கவில்லை, எங்கிருந்தும் ஒட்டவில்லை. முன்பு நாள்கணக்கில் இழுத்தது இப்போது விரலிலிருந்து தானாக இறங்கியது. முதல் வரியிலேயே கறாராக எழுதினாள்: வாத்தின் கோப்பை மட்டும். சர்மா ஆறுவதற்குள் அச்சடித்த பிரதியோடு வெளியே வந்தாள்.

மியோதிராக் முதல் பக்கத்தைப் படித்தார். வாத்தின் தேர்தல் வாக்குறுதிகளுக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். புதிமீருக்கு இனி வேலையில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்குப் போனவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எல்லாம் சரி மேடம். உங்க மின்னஞ்சல் முகவரியும் சிரிலிக்ல இருக்கே. இதுக்கு எப்படிக் கடிதம் போடறது?"

நெவெங்காவின் பார்வை உள்ளறைப் பக்கம் திரும்பியது. "அது ஒண்ணுமில்ல, ஒரே ஒரு சின்னக் கட்டளை..."

ஸ்வெதோசார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் கையில் ஒரு தட்டு சர்மாவை வைத்தார். "தொறந்தா மூடணும்னு நீதானேம்மா சொன்னே."