மஞ்சளுக்கு மேல் பச்சை

...உரிக்கமாட்டேன், இன்றைக்கு ஒன்றையும் உரிக்கமாட்டேன், தெற்கிலிருந்து வந்த இந்த அந்தூரியப் பூக் காம்புகளில் தெற்குத் தோட்டக்காரரின் மஞ்சள் லேபிள் அப்படியே கிடக்கட்டும், அதற்கு மேலேயே பச்சையை ஒட்டுகிறேன், யாழ்ப்பாணம் போவதற்குள் ஈரத்தில் பச்சை பாதி கழன்றுவிடும், கலியாண மண்டபத்தில் மஞ்சளைக் காண்பார்கள், அப்போது தெரியும் இந்தப் பூ முதலாளி யோகலிங்கத்துக்கு... மாங்குளத்தில் அவனுடைய இந்தக் கொட்டிலில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. எத்தனை மாதம் மஞ்சளை உரித்துப் பச்சையை ஒட்டினேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே? பச்சை என்றால் வன்னிப் பூ, இங்கத்தைய சனம் வளர்த்த பூ என்று கேட்டு வாங்குகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் ஆன்சலா ரீச்சரிடம் எழுத்துப் படித்தேன், போன கிழமைதான் பச்சையை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: பயிர்ச்செய்கை, ஜோசப்பின், முள்ளியவளை. நான்! பூச்செய்கைப் பதிவுக்கு என்று என்னிடம் கைநாட்டு வாங்கிப் போனவன் இவன், பிறகு நான் பூ வளர்த்த நிழல்வலைக்குள் வந்து, "அக்கா, உங்கட பூ சின்னன், ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்றவன். பூவெல்லாம் காம்பிலேயே கறுத்தது, வெட்டிக் குழியில் போட்டுவிட்டு இவனிடமே கூலிக்கு வந்தேன். என் பூ வேண்டாம், பெயர் மட்டும் வேணுமோ?

"என்னக்கா, லேபிளோட கதைக்கிறியள்? அதைக் கலியாணம் கட்டப் போறியளோ?" பெட்டி கட்டுகிற நாகேஸ்வரி சிரித்தாள். ஓம், உனக்கும் பந்தியில இடமிருக்கு என்றேன், கை நிற்கவில்லை. வாசலில் யோகலிங்கம், "கெதியா ஒட்டுங்கோ அக்கா, லொறி வெளிக்கிடப் போகுது." அக்காவாம்... ஒட்டுகிறேன் தம்பி, வடிவாக ஒட்டுகிறேன், நாளைக்கு உன் போன் அலறும், உனக்கு வியர்க்கும், நான் இதே இடத்தில் நின்று பார்ப்பேன், சிரிக்கமாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பேன்... கடைசிப் பெட்டியும் ஏறிவிட்டது, லொறி வீதியில் திரும்பி வடக்கே போய்விட்டது, நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, எத்தனை நாளைக்குப் பிறகு! மேசையில் ஒட்டாத பச்சை ஒன்று மிச்சம். இப்போது வாசிப்பதில் ஒரு ஆசை, எடுத்து வாசித்தேன், அவன் பெயர் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடினேன், எழுத்து எழுத்தாக, மேலே, கீழே, பின்பக்கத்தில்கூட... அவன் பெயர் எங்கேயும் இல்லையே, என் பெயர் மட்டும்தான். அப்போது மண்டபத்தில் அவர்கள் யாரைக் கள்ளி என்பார்கள்?