குனிவதற்கு ஒரு பயணம்

ஜீவராணி லயத்து வரிசையில் தன் வீட்டு வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாள். முதுகு வளையக்கூடாது, கைகள் வயிற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்று, கண் தரையில். பத்தாவது தடவை குனிந்தபோது அப்பா தம்பையா எட்டிப் பார்த்து, என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார். ஒன்றும் தொலையவில்லை, கொரியாவில் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் ஜீவராணியோடு நான்கு பேரைக் கொரிய மகளிர் சங்கமொன்று பத்து நாள் தங்கள் ஊருக்கு வரச்சொல்லியிருந்தது. அங்கேயும் தேயிலை மலை உண்டாம். அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் உடுப்பை உடுத்தி, புளிக்கவைத்த கோவா இலையைத் தின்று, பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணியை ருசித்துக் குடிக்க வேண்டும். பாஸ்போர்ட் வந்த அன்று ஜீவராணி அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். முப்பத்தொரு வயதில் அவள் கண்ட தூரம் பதுளை, ஒருமுறை கதிர்காமம். ஆசை பசிபோல வயிற்றில் கிடந்தது. ஆனால் புருஷன் சதீஸ்குமாருக்குக் கொழும்பில் கடை வேலை. நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ள அப்பாவை விட்டால் வேறு ஆளில்லை. அவர் மாட்டேனென்றால் பயணமும் இல்லை.

மாட்டேனென்றுதான் சொன்னார்.

"குனியிறதுக்குப் பிளேன்ல வேற போகணுமா? அத இங்கயே பரம்பரையா பாத்தாச்சு."

அவர் காலத்தில் தோட்டத்துத் துரை வந்தால் ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வழியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தம்பையா ஒருநாள் இறங்கவில்லை. அவருக்குப் பதினைந்து நாள் வேலை கொடுக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்காத காது தோட்டத்தில் இல்லை. சொல்லச் சொல்லத் துரையின் மீசைதான் வளர்ந்துகொண்டே போனது. அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான் என்பது கதையில் வராது.

"அவுங்களும் நமக்குக் குனிவாங்கப்பா."

"எதுக்கு? ஓட்டுக் கேக்கவா?"

மூன்று நாள் அழுகையை விழுங்கிக்கொண்டு கொழுந்து பறித்தாள். சனிக்கிழமை, பகலில் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் கொரிய வழக்கங்களில் பயிற்சி கொடுக்க வரும் சிவரூபி டீச்சரிடம், தன் பெயரை வெட்டிவிடச் சொன்னாள். யாழ்ப்பாணத்து டீச்சர் லேசில் விடுகிற ஆளில்லை.

"அவசரப்படாதையும். அப்பாவோட நாங்கள் ஒருக்கா கதைச்சுப் பாக்கிறம்."

மறுநாள், போகும் பெண்களைப் பார்க்க வந்திருந்த கொரியச் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். சின்ன உருவம், அறுபது வயதிருக்கும், காலில் வெள்ளைச் சப்பாத்து. லயத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் எதிரே தம்பையா மண்வெட்டியோடு வந்தார். அந்நிய முகத்தைக் கண்டதும் அவர் கை தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டது. கால்கள் தாமாகவே கானுக்குள் இறங்கின.

வாசலில் நின்ற ஜீவராணி அதைப் பார்த்தாள். பதினைந்து நாள் கதை பொய்யில்லை. ஆனால் அந்த ஒருநாளுக்கு முன்னால் எத்தனை நாள் இறங்கினாரோ, கால் அதையும் மறக்கவில்லை.

தலைவி ஒரு கணம்தான் நின்றார். பிறகு சப்பாத்தைப் பாராமல் தானும் கானுக்குள் இறங்கி, அவருக்கு முன்னால் இடுப்புவரை குனிந்தார். தம்பையா மண்வெட்டியைக் கீழே போட்டார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கும்பிட்டு, மெல்லக் குனிந்தார்.

வயதில் பெரியவர் நிமிரும்வரை சின்னவர் நிமிரக்கூடாது என்பது கொரிய வழக்கம். தலைவியைவிட மூத்த தம்பையாவுக்கு அது தெரியாது. விருந்தாளி நிமிரட்டும் என்று அவர் காத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்த டீச்சரின் கையை, வாசலிலிருந்து இறங்கி வந்த ஜீவராணி பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நரைத்த தலைகளும் நிமிரவில்லை. கான் தண்ணீர் வெள்ளைச் சப்பாத்தையும் வெறும் காலையும் நனைத்துக்கொண்டு கீழே போனது.