தாமரைக் கால்மிதி

புதுக் குளியலறைக்கென்று மல்லிகா மஸ்கெலியா டவுனில் கடை கடையாய் ஏறி வாங்கிய கால்மிதியில் பெரிய தாமரை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே வந்து தடவிப் பார்த்தது. புருஷன் கணேசமூர்த்தி மட்டும், “லெச்சுமி உக்கார்ற பூவு, அதப் போயி மிதிக்கவா?” என்று தினமும் தாண்டியே வந்தார். ஒரு நாள் தாண்டிய கால் ஈரச் சிமெந்தில் வழுக்கியது. தலையில் அடி, அன்றே போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் பக்கத்து வீட்டுச் சர்மிளா மூக்கை நுழைத்தாள். “அவரு துணிமணியோட இதையும் ஆத்துல விட்டுருங்கக்கா.”

“அவரு இத ஒரு நாளும் தொடலையே.”

மறுநாள் குளித்து வந்த மல்லிகா, தாமரையின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்றாள். கதவிடுக்கில் சர்மிளாவின் கண். மல்லிகாவுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“நல்லாத்தான் ஈரத்த இழுக்குது,” என்றாள்.